ரிசல்ட்டு சொல்ல வந்தவள்

எண்ணூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் மீன் விற்கும் பெண்கள் இருவர்.

“நம்ம ஆத்துல சேறும் நண்டும் எடுத்துகினு போச்சே, யூனிவர்சிட்டி பொண்ணு, அது திரும்பி வந்துச்சுக்கா,” என்றாள் இளையவள்.

“இன்னாத்துக்கு? சேறு பத்தலியா?”

“ரிசல்ட்டு சொல்லத்தான். கம்பெனி கழிவுத்தண்ணி வுடுற குழா பக்கம் புடிச்ச நண்ட துன்னாதீங்கன்னுச்சு. மாசமா கீற எம் பொண்ணு மத்த நண்டு துன்லாமான்னு கேட்டேன். தெரியலம்மா, இன்னும் பாக்கணும், அதுவரைக்கும் வேணாம்னுச்சு.”

“அம்மாம் படிச்சிட்டு தெரியலன்னுதா?”

“அதனாலதான்க்கா மொதல்ல சொன்னதையும் நம்புனேன்.”

இருபது வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவனான நான், ஜன்னலுக்கு வெளியே டேங்கர் லாரிகளை எண்ணத் தொடங்கினேன்.

“இதுக்கு முன்னாடி அள்ளிகினு போனவன் ஒருத்தனும் வந்து சொல்லல. இது ரெண்டு பஸ்ஸு மாறி வந்துச்சு. ஞாயித்துக்கெழம வூட்டாண்ட துன்ன கூப்டுகீறேன்.”

“இன்னா ஆக்கப் போற?”

“கோழி.”