ஆணியில் மாட்ட எந்தக் கோமு

— இந்தப் படத்துல உங்க வேட்டி தெரியுது, சோபா தெரியுது. என்னைத்தான் காணோம்.

— நல்லாப் பாருட்டி கோமு. என் தோளுக்குப் பக்கத்துல.

— அதுவா நானு? கரண்டு போன வீட்ல எடுத்த மாதிரில்லா இருக்கு.

— மை கொஞ்சம் தூக்கலா விழுந்துட்டு. அடுத்த தாள்ல சரியா வந்துரும்.

— இதோட ஆறு தாளு. மொதல் தாள்ல ரெண்டு பேருக்கும் மஞ்சக்காமாலை. அடுத்ததுல உங்க மூக்கு வரி வரியா வந்துச்சு. நாளைக்கு இருவத்தஞ்சாவது கல்யாண நாளுன்னு ஊரையே கூப்பிட்டுட்டு, வந்தவுகளுக்கு செவத்துல வெறும் ஆணியவா காட்டப் போறிய?

— அதுக்குத்தான மூணு நாளா இந்தப் பிரிண்டர் மெஷினோட மல்லுக்கட்டுதேன்.

— ஜங்ஷன் போட்டோ லேப்ல அதே படத்த ஒரு மணி நேரத்துல போட்டு, பிரேமும் பண்ணித் தந்துட்டாவ. பீரோ மேல இருக்கு. எடுத்து மாட்டுங்க.

— அத மாட்டுனா வாரவன் பூரா, ‘ஏ மந்திரமூர்த்தி, ரெண்டாந்தாரம் எப்பம்வே கட்டுன’ன்னு கேப்பான். மாவுல முக்கி எடுத்திருக்கான் ஒன்னைய. கழுத்து ஒரு கலரு, கை ஒரு கலரு. கன்னத்து மச்சத்த யாரக் கேட்டு அழிச்சான் அந்தப் பய? போயி சட்டையப் பிடிக்கேன்.

— அவன் சட்டைய விடுங்க. நாந்தான் அழிக்கச் சொன்னேன்.

— நீயா?

— நல்லா செவப்பாப் போடுங்க அண்ணாச்சின்னு நாந்தான் சொன்னேன். கல்யாணத்தன்னைக்கு மேடையில வச்சு உங்க அத்தைமாரு, ‘நெழலு வந்துட்டு, பொண்ணு எங்கல’ன்னு கேட்டுச் சிரிச்சாவ. நீங்களும் சேந்து சிரிச்சிய. இன்னும் வலிக்கி. ஒரு நாளாவது அவுக முன்னால செவப்பா இருக்கணும்.

— நான் சிரிச்சது தப்புத்தான். ஆனா படத்துக்குக் கீழயே நீ காப்பி கொடுத்துட்டு நிப்பியேட்டி. ரெண்டையும் பாக்க மாட்டாவளா?

— காப்பிய நீங்க கொடுங்க. நான் படத்துல இருந்துக்கிடுதேன்.

— நல்ல ஏற்பாடுதான்.

— இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. பொண்ணு பாக்க வாரதுக்கு முன்ன தரகர் கொண்டாந்த படமும் அதே லேப்ல வெளுத்ததுதான். நீங்க ஏமாந்துதான் வந்திய. இப்ப என் கலரக் காப்பாத்துதேன்னு ஆறு தாளுக்கு மை ஊத்துதிய.

— ஏமாந்தேனா? அந்தப் பர்ஸ எடு.

— எதுக்கு?

— எடுட்டி. ஆதார் கார்டுக்குப் பின்னால பாரு.

— இது அந்தப் படம்லா. ஆனா இதுல மச்சம் இருக்கே.

— தரகர் படத்துலயும் கழுத்தும் கையும் ஒட்டல. பின்னால இருந்த சீலப் பாத்து நேரா லேப்புக்குப் போயி, ‘டச்சப் பண்ணாம நெகட்டிவ்ல இருக்கமாதிரியே ஒண்ணு போட்டுத் தாரும்வே’ன்னேன். அதப் பாத்த பெறகுதான் எங்கப்பாகிட்ட சரின்னு சொன்னேன்.

— இருவத்தஞ்சு வருசமா இத ஏன் சொல்லல?

— ஒன் கலரப் பாத்துத்தான் விழுந்தேன்னு சொன்னா, நீ என்னைய மதிக்கவா செய்வ?

— இப்ப மட்டும் என்ன வாழுதாம். தள்ளுங்க, கண்ணு கரிக்கி.

— சரி, ஏழாவது தாளப் போடட்டா?

— அந்த மெஷினத் தொடாதிய. இந்தப் பர்ஸ் படத்த லேப்ல கொடுத்துப் பெருசாப் போட்டு வாங்கியாங்க. மச்சத்துல கை வச்சா நானே வருவேன்னு சொல்லுங்க.

— கல்யாண நாளுக்கு மாட்டுத படம்ட்டி. இதுல நான் இல்லையே.

— நீங்கதான் கீழ காப்பி கொடுத்துட்டு நிப்பியளே.