எதிராளியின் கையில் ரிமோட்

ஒரகடத்தில் ஞாயிற்றுக்கிழமை பொழுது போவது சிரமம், ஐயா. கம்பெனி பஸ் ஓடாது, டீக்கடையில் பேச ஆள் இருக்காது, வீட்டிலேயே இருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்வார்கள். அப்படித்தான் நாங்கள் ஏழு பேர் வண்டி விட ஆரம்பித்தோம்.

ஏழு மாதத்துக்கு முன்னால் இதே ஸ்டேஷனில் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி தவறு. அதைத் திருத்தத்தான் தாள் கேட்டேன். நீங்கள் ஆறு தாள் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவு தேவைப்படாது.

என் பெயர் டில்லிபாபு. வயது நாற்பத்து நான்கு. பதினான்கு வருடம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் டிராலி ஓட்டினேன். ஸ்டோரிலிருந்து லைனுக்கு, லைனிலிருந்து ஸ்டோருக்கு. நாங்கள் செய்த வண்டிகளும் டிராலி மாதிரிதான், ஆனால் ஓட்ட ஆள் வேண்டாம். பழைய இரும்புச் சட்டம், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டார், ஒரு கேமரா, உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர். தானே பார்த்து, தானே திரும்பி, தானே நிற்கவேண்டும். வல்லக்கோட்டை போகிற வழியில் கம்பெனி வரும் வரும் என்று பத்து வருடமாகக் காலியாகக் கிடக்கும் மனை ஒன்று உண்டு. அங்கே டயர் அடுக்கி, பலகையில் மேடு போட்டு, தண்ணீர்க் குழி வெட்டிப் பந்தயம் விடுவோம். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நாங்களும் ஒரு ஆள்தான் என்ற நினைப்பு வரும்.

எங்களுக்குள் இரண்டு வழக்கம். இரண்டையும் கொண்டுவந்தவர் திருநாவுக்கரசு. எலக்ட்ரீஷியன், எங்கள் கூட்டத்துக்கு விசில் ஊதுகிறவர்.

முதல் வழக்கம், கடைசித் தடை ஒரு மனிதன். இரண்டு டிரம்முக்கு நடுவே வண்டியைச் செய்தவனே நிற்கவேண்டும். வண்டி அவனைப் பார்த்துத் தானாக நிற்கவேண்டும். முன்பு பழைய யூனிஃபாரத்தில் பஞ்சடைத்து ஒரு பொம்மை வைத்திருந்தோம். "பொம்மைய எவன் வேணா நிக்கவெப்பான். உன் வண்டி மேல உனக்கு நம்பிக்கை கீதுன்னா நீ நில்லு பாக்கலாம்" என்றார்.

இரண்டாவது, வண்டியை நிறுத்தும் ரிமோட் செய்தவன் கையில் இருக்கக் கூடாது, எதிராளியின் கையில் இருக்கவேண்டும். தான் செய்த வண்டி எப்படியும் நின்றுவிடும் என்று ஒருவன் கடைசி நொடிவரை நம்பிக்கொண்டிருப்பான். எதிராளி அப்படி நம்பமாட்டான், சட்டென்று அமுக்கிவிடுவான். அமுக்கினால் அந்த வண்டி அவுட், காரணமில்லாமல் அமுக்கினால் அமுக்கினவன் அவுட். தோற்கடிக்க நினைக்கிறவன் கையில் உயிரைக் கொடுத்தால் உயிர் பத்திரமாக இருக்கும் என்பது திருநாவுக்கரசின் கணக்கு. மூன்று வருடம் அந்தக் கணக்கு பிசகவில்லை.

வனமாமலை எங்களோடு சேர்ந்தது போன வருடம். நாங்குநேரிப் பக்கத்துப் பையன், இருபத்தொன்பது வயது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, சுங்குவார்சத்திரத்தில் ஒற்றை அறை வீடு. மனைவி பெயர் நிலா. வண்டிக்கு மயிலை என்று பெயர் வைத்திருந்தான். மயிலாப்பூர் வரை போகுமா என்று கேலி செய்தோம். "அது எங்க ஊர்ல காளைமாட்டு நெறம், அண்ணாச்சி" என்று சிரித்தான். அதற்கப்புறம் நடந்த ஐந்து பந்தயத்தில் மயிலை நான்கில் ஜெயித்தது. அதுவரை ஜெயித்துக்கொண்டிருந்தது என் வண்டி. அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.

எனக்கு அவனைப் பிடிக்கும். இதை எழுதியே ஆகவேண்டும். என் வண்டியின் பிரேக் ஒருமுறை சூடேறிக் கெட்டபோது, தன் வேலையை விட்டுவிட்டு ஒரு ஞாயிறு முழுக்க என்னோடு உட்கார்ந்து சரிசெய்தான். அப்படி எனக்காக யாரும் உட்கார்ந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தொழிற்சாலையில் ரோபோ டிராலி வந்தது. ஆள் இல்லாமல் தானே போகும். இருபத்திரண்டு பேரைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள், அடுத்த பட்டியலில் என் பெயர் இருந்தது. திருநாவுக்கரசு யாரையோ பிடித்து, அந்த டிராலிகளைச் செய்கிற கம்பெனியின் மேனேஜர் ஒருவரை எங்கள் பந்தயத்துக்கு வர ஒப்புக்கொள்ள வைத்தார். ஜெயிக்கிறவருக்கு அங்கே ஒரு வேலை, ஒரே ஒரு வேலை. எனக்கு நாற்பத்து நான்கு. வனமாமலைக்கு இருபத்தொன்பது. நியாயமாக யோசித்தால் அந்த வேலை யாருக்குத் தேவை என்று உங்களுக்கே தெரியும்.

பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஒத்திகை விட்டோம். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். மயிலை வேகம் குறைக்கவில்லை. ரிமோட் என் கையில் இருந்தது, அமுக்கினேன். அவருடைய முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. வெயில் கேமராவில் அடித்திருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். வனமாமலை முகம் வெளுத்துப்போய் அவரிடம் நாலு தரம் மன்னிப்புக் கேட்டான்.

வெயில் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். மனிதன் எப்படி இருப்பான் என்று மயிலைக்குக் கற்றுக்கொடுக்க அவன் நாலாயிரம் படம் எடுத்திருந்தான். பிரேக் சரிசெய்த அன்று லேப்டாப்பில் காட்டினான். எல்லாம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி வாசலில் எடுத்தவை. நாலாயிரம் படத்திலும் எல்லாரும் வெள்ளிப் பட்டை வைத்த பச்சை சேஃப்டி ஜாக்கெட் போட்டிருந்தார்கள். எங்களுக்கு அது கண்ணில் படாது. காலையில் எழுந்து மாட்டி, இரவு கழற்றுகிற துணி அது. பந்தயத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு வருவோம். மயிலைக்கு மனிதன் என்றால் அந்த ஜாக்கெட்தான். ஜாக்கெட் இல்லாதவன் அதற்கு வெறும் வழி.

அவனிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். சொன்னால் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடுவான், அதனால் சொல்லவில்லை.

பந்தயத்தன்று காலை பதினோரு மணிக்கு மேனேஜர் வந்தார். நிலாவும் வந்திருந்தாள். வனமாமலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, அதன்மேல் வழக்கம்போலப் பச்சை ஜாக்கெட் மாட்டியிருந்தான். என் வண்டி ஓடி முடிந்து நல்லபடியாக நின்றது. அடுத்தது மயிலை. நான் ரிமோட்டை வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"இன்னா வனமா, ஆபீஸர் பாக்க வந்துகிறாரு, இந்த அழுக்கு ஜாக்கெட்டைப் போட்டுகினு நிக்கற? கழட்டு. நல்ல சட்டை போட்டுகினு வந்துகிற இல்ல, அது தெரியட்டும்."

"நெசமாத்தான், அண்ணாச்சி" என்று கழற்றி என்னிடமே கொடுத்தான். மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

என் திட்டம் அவ்வளவுதான், ஐயா. வண்டி நிற்காது. நான் அமுக்குவேன். மயிலை அவுட். வேலை எனக்கு. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. இதைக் கொலைத் திட்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

திருநாவுக்கரசு விசில் ஊதினார். மயிலை டயர்களைச் சுற்றிக்கொண்டு, மேட்டில் ஏறி இறங்கி, தண்ணீரைத் தாண்டி அழகாக வந்தது. அதற்கப்புறம் முப்பது மீட்டர் நேர்வழி. எழுபது கிலோ வண்டி, சைக்கிளை எழுந்து நின்று மிதித்தால் வரும் வேகம். டிரம்களுக்கு நடுவே வனமாமலை நின்றான். அவனுக்குப் பின்னால் ஐந்தடியில் மதில். அவன் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நான் அமுக்கினால் வண்டி ஏன் நிற்கவில்லை என்று இவன் யோசிப்பான். கெட்டிக்காரன். சாயந்திரத்துக்குள் படங்களைத் திறந்து பார்ப்பான், ஜாக்கெட் என்று பிடித்துவிடுவான். ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னது யார் என்பதும் நினைவுக்கு வரும். ஆறு பேர் முன்னால், மேனேஜர் முன்னால், டில்லிபாபு ஏமாற்றுக்காரன் என்று ஆகிவிடும். நான் ஏமாற்றுகிறவன் இல்லை. பதினான்கு வருடத்தில் என்மேல் ஒரு மெமோ கிடையாது.

கட்டைவிரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அமுக்கவில்லை.

மயிலை அவனை மதிலோடு சேர்த்து அழுத்திய பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மனிதனைப் பார்த்தால் மட்டும்தான் நிற்கவேண்டும் என்று அவன் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஓடும்போது அமுக்கினேன். உடனே நின்றது.

ரிமோட் வேலை செய்யவில்லை என்று எழுதினேனே, அதுதான் தவறான வரி. அது தண்ணீர்க் குழியில் விழுந்ததாகவும் எழுதியிருந்தேன். விழவில்லை, போட்டேன். ஜாக்கெட்டை என் பையில் வைத்துக்கொண்டேன், இப்போதும் வீட்டில் இருக்கிறது.

அந்த வேலை யாருக்கும் கிடைக்கவில்லை. மேனேஜர் அன்று போனவர் திரும்பிப் பேசவே இல்லை. இரண்டாவது பட்டியலில் என்னை அனுப்பிவிட்டார்கள். எங்கள் இடத்தில் ஓடுகிற டிராலிகள் ஆளைப் பார்த்தால் ஒழுங்காக நிற்கின்றன, கடைசி நாளில் பார்த்தேன். மனையைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில் யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை.

போன மாதம் நிலா என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"அண்ணாச்சி, பொத்தான் உங்க கையிலதான இருந்துது?"

ஆமாம் என்றேன். வேறெதுவும் கேட்காமல் போய்விட்டாள். அவளுக்குப் பயந்து நான் இங்கே வரவில்லை. வனமாமலையின் சாவுக்கு வண்டி செய்தவரின் கவனக்குறைவே காரணம் என்று உங்கள் கோப்பில் எழுதியிருப்பதாகத் திருநாவுக்கரசு சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மயிலை நல்ல வண்டி. அந்தப் பையனுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது.

அதற்காகவே ஏழு மாதம் உழைத்திருக்கிறேன். மயிலையின் புரோகிராம் ஒரு பிரதி என்னிடம் இருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ரயில் ஸ்டேஷனில், சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நின்று புதிதாக ஐயாயிரம் படம் எடுத்தேன். புடவை, லுங்கி, பள்ளிக்கூடச் சீருடை, வெள்ளைச் சட்டை, எல்லாம் இருக்கிறது. இனி அது யாரையும் இடிக்காது. இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, வனமாமலைக்காகச் செய்தேன்.

வண்டி உங்கள் ஸ்டேஷன் பின்கட்டில்தான் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. ஒருமுறை ஓட்டிக் காட்ட அனுமதி தாருங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நானே முன்னால் நிற்கிறேன், எனக்குப் பயம் இல்லை. எங்கள் வழக்கப்படி ரிமோட் தன் கையில் இருக்கவேண்டும் என்று நிலா திருநாவுக்கரசிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அது மட்டும் வேண்டாம், ஐயா. ரிமோட் என் கையிலேயே இருக்கட்டும்.