தனி உலைக்குச் சாட்சி நின்ற றீற்றா மிஸ்ஸுக்கு

ரூபா ஒரு இலட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூறு!

பிரியாவிடை மடல் என்றால் வாழ்த்தில் தொடங்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். நாங்கள் கடனில் தொடங்குகிறோம். சபையோர் பொறுத்தருள்க. அந்தக் கடனை விட்டுவிட்டு உங்களைப் புகழ எங்களுக்கு வழி தெரியவில்லை.

பெருமதிப்புக்குரிய சமூக சேவை உத்தியோகத்தர் திருமதி றீற்றா மத்தேயு அவர்களே! கடமையில் கண்டிப்பும் கண்டிப்பில் கனிவும் கலந்த கருணை மகளே! பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதித்த யுத்த காலத்திலும், பைக்குள் கோவையும் மத்தியானச் சாப்பாட்டுப் பாணுமாக ஒரு நாளும் பிந்தாமல் வவுணதீவுக்கு வந்து சேர்ந்த வைராக்கியமே! படிவம் நிரப்பத் தெரியாத பாமரரின் பேனையே!

முப்பத்து நான்கு ஆண்டுகளில் நீங்கள் எழுதிய கடிதங்களை அடுக்கினால் இந்த மண்டபம் கொள்ளாது. அத்தனையையும் சொல்லிப் புகழ எங்களால் ஏலாது. ஒன்றைச் சொல்கிறோம். அதற்குரியவர் பின்வரிசையில், தூணோரமாக, மனைவியோடும் மகளோடும் வந்து இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினோம்.

நல்லரத்தினம் அண்ணன் செங்கலடி அரிசி ஆலையில் முப்பத்தெட்டு வருடம் நெல் மூட்டை சுமந்தவர். இப்போது வயது எழுபத்தொன்று. மூட்டை இருந்த இடம் பிடரியில் இன்றும் கறுத்துக் கிடக்கிறது. ஓய்வூதியம் என்று ஒரு சதமும் கிடையாது. சுமந்த காசில் ஒரு கல்வீடு கட்டினார். மகள் வதனிக்குக் கலியாணம் பேசியபோது, எங்கள் பக்கத்து வழமைப்படி அந்த வீட்டை அவளுக்கே எழுதிக் கொடுத்தார். கொடுத்த கையோடு மனைவி சீதேவியையும் கூட்டிக்கொண்டு, அதே வளவின் பின்மூலையில், ஒரு சிறு வேலிக்கு அப்பால், தகரக் கொட்டில் போட்டுக் குடிபோனார். கொட்டிலுக்குள் தனி அடுப்பு, தனி உலை. முதல் கணக்கெடுப்பில் அவர்களைத் தனிக் குடும்பமாகப் பதிந்தார்கள். மாதம் எண்ணாயிரத்து ஐந்நூறு ரூபா நலன்புரிக் கொடுப்பனவு பதின்மூன்று மாதம் வந்தது. சீதேவி அக்காவின் சீனி வருத்தத்துக்கு மருந்தும் வந்தது.

பிறகு மறு கணக்கெடுப்பு வந்தது. வந்த தம்பி வளவுக்குள் கால் வைத்ததும் கேட்டது ஒரே கேள்வி.

"ஐயா, மகளும் நீங்களும் ஒரே உலையா, வேற வேற உலையா?"

வதனி வேலியோரம் நின்று உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ரதீஸ் கட்டாரில் கொத்து வேலை. காசு அனுப்புகிறான், வீட்டுக்கு ஓடு மாற்றியாயிற்று. கிழடுகள் இரண்டையும் புகைக்குள் விட்டுவிட்டு இவள் ஓட்டுக்குக் கீழே இருக்கிறாள் என்று ஊரில் இரண்டொரு வாய் ஏற்கெனவே அசைந்திருந்தது. அது நல்லரத்தினம் அண்ணனின் காதிலும் விழுந்திருந்தது.

"என்ன தம்பி கேள்வி இது? ஒரே உலைதான். எங்கட புள்ள எங்களத் தனியா ஆக்கித் தின்ன விடுவாளோ?"

"எப்ப இருந்து ஐயா?"

"அவள் கலியாணம் முடிச்ச நாளில இருந்து எங்கட அடுப்பு எரிஞ்சதே இல்ல."

பின்னால் சீதேவி அக்காவின் உலை கொதித்துக்கொண்டிருந்தது. தம்பி கேட்டதை எழுதினான், சொன்னதை எழுதினான், போய்விட்டான். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: ஒரே குடும்பம், மருமகனின் வருமானம் உண்டு, ஆகவே உதவி நிறுத்தப்படுகிறது, கலியாண நாளிலிருந்து ஒரே குடும்பம் என்று தாங்களே ஒப்புக்கொண்டதால், இதுவரை பெற்ற ஒரு இலட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாவும் திருப்பிச் செலுத்தப்பட வேண்டும்.

அந்தக் கடிதத்தோடு அவர் இந்தச் செயலகத்துக்கு வந்த நாளில் நாங்கள் வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தோம். கவுண்டரில் இருந்த எழுதுநர் இளகிய மனசுக்காரன். முறையீட்டுப் படிவத்தைத் திறந்து ஒரு பெட்டியைத் தொட்டுக் காட்டினான்.

"ஐயா, இதுக்குள்ள ஒரு சரி போடுறன். கீழ பெருவிரல வையுங்க. காசும் கட்டத் தேவையில்ல, உதவியும் திரும்ப வரும்."

நல்லரத்தினம் அண்ணன் விரலில் மை பூசிவிட்டார். பிறகுதான் கேட்டார்.

"அதுல என்ன மனே எழுதிக் கிடக்கு?"

"பிள்ளைகளால் பராமரிக்கப்படாதவர் எண்டு."

பூசிய மையைச் சாரத்தில் துடைத்தார். "அதுக்கு நான் விரல் வெச்சா என்ட புள்ள ஊருக்குள்ள எப்பிடித் தலை நிமித்துற? ஒரு பசு நிக்குது. ஓட்டமாவடி வியாபாரி ஒராள் ஒரு இலட்சத்துக்குக் கேட்டவர். வித்துக் கட்டுறன். மிச்சத்துக்கு மறுகா பாப்பம்."

அடுத்த மேசையில் நீங்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தீர்கள் தாயே! நிமிராமலே சொன்னீர்கள்.

"அண்ணன், இஞ்ச வந்து இரிங்க. உங்கட வளவுக்க எத்தின அடுப்பு?"

"ஒண்டுதான் மிஸ்."

"பொய் சொல்ல வராட்டி ஏன் சொல்லுறீங்க? காலையில ஆர் அடுப்பு ஊதின? மீசையில சாம்பல் கிடக்கு."

அவர் மீசையைத் துடைத்தார். நாங்கள் சிரித்துவிட்டோம், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடிதம் வந்ததற்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன் என்று பின்னாளில் சொன்னார்.

"மாட்ட விக்காதீங்க. என்னட்டச் சொல்லாம விக்கவே கூடாது" என்றீர்கள்.

அறிவிக்காமல், பதினொரு மணிக்கு, உலை கொதிக்கும் நேரம் பார்த்து ஸ்கூட்டியில் அவர்கள் வளவுக்குப் போனீர்கள். எதையும் கேட்கவில்லை. முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தீர்கள். வதனியின் குசினியில் ஒரு புகை, கொட்டிலில் ஒரு புகை. சீதேவி அக்கா தன் சுண்டில் அரிசி அளந்து தன் பானையில் போட்டதைப் பார்த்தீர்கள். வேலிக்கு மேலால் வதனி ஒரு கோப்பையில் வாவி இறால் கறி நீட்டியதையும் பார்த்தீர்கள். எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதினீர்கள், இறால் கறி உட்பட. கறியை விட்டுவிடுங்கள், அது கேஸுக்குக் கேடு என்று எழுதுநர் கெஞ்சினான். "கண்டத எழுதாட்டி நான் என்னத்துக்குப் போன?" என்றீர்கள். நேர்மை என்ற சொல்லை நாங்கள் பலர் வாயில் கேட்டிருக்கிறோம். எழுத்தில் கண்டது அன்றுதான்!

முறையீட்டுப் படிவத்தில் அந்தப் பெட்டியைக் குறுக்கே வெட்டிவிட்டு, ஓரத்தில் உங்கள் கையாலேயே எழுதினீர்கள். பெண்பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்த தாய்தகப்பன் பக்கத்திலேயே தனி உலை வைப்பது இப்பகுதியின் வழமை. அது பிள்ளை கைவிட்டதாகாது. பிள்ளையோடு ஒன்றாக உண்பதாகவும் ஆகாது. கீழே கையெழுத்து, பதவி முத்திரை. அச்சடித்த படிவத்தில் கிறுக்கினால் யார் பொறுப்பு என்று மேலிடம் கேட்டது. "நான்தான் பொறுப்பு" என்று பதில் அனுப்பினீர்கள். ஓய்வுக்கு ஒன்பது மாதமே இருக்கையில், தன் கோவையில் கறை விழுமே என்று பயப்படாத உத்தியோகத்தரை நாங்கள் வேறு கண்டதில்லை. மேலிடத்தைப் பார்க்க மூன்று தரம் மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குப் போனீர்கள். போக்குவரத்துப் படி கேட்கவில்லை.

விசாரணை இதே மண்டபத்தில் நடந்தது. விசாரிக்க வந்த அதிகாரி வெளியூர்க்காரர். அறிக்கையைப் புரட்டினார், இறால் கறியில் வந்து நின்றார்.

"கறி மகள்ட வீட்டில இருந்து வருதுதானே? அப்ப ஒரே குடும்பம்."

நீங்கள் எழுந்தீர்கள். "சேர், ஓட்டமாவடிப் பஹீமா என்னோட பதினெட்டு வருசம் ஒண்டா வேலை செய்தவ. ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்கு வட்டிலப்பம் வரும், எங்கட நத்தாருக்கு அவவுக்குக் கேக் போகும். அப்ப நானும் அவவும் ஒரே குடும்பமா? அவவின்ட மகன் லண்டனில. அந்தச் சம்பளத்தையும் என்ட கணக்கில சேப்பீங்களா?"

மண்டபமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. நல்லரத்தினம் அண்ணனைப் பார்த்து, "ஐயா, உங்க வாயால சொல்லுங்க. மகள் உங்களப் பாக்கிறாவா இல்லையா?" என்றார்.

பார்க்கிறாள் என்றால் பசு போகும். இல்லை என்றால் மகளின் மானம் போகும். அண்ணன் மகள் இருந்த பக்கம் திரும்பினார். அப்போதுதான், யாரும் கூப்பிடாமலே வதனி எழுந்தாள்.

"சேர், நான் சொல்லுறன். அந்த வீடு இவர் மூட்டை சுமந்து கட்டின. எனக்குத் தந்துபோட்டுக் கொட்டிலுக்குப் போன. சோறும் நானே தாறன் எண்டு எத்தின தரம் கெஞ்சினன். மருமகன்ட காசில எங்கட உலை கொதிக்கப்படா எண்டு அம்மா ஒரே பிடி. கறி மட்டும் வாங்குவா, அதுவும் இறாலெண்டாத்தான். கணக்கெடுக்க வந்த நேரம் இவர் பொய் சொன்னது எனக்காக. அந்தப் பொய்ய நான் வேலிக்க நிண்டு கேட்டுக்கொண்டு சும்மா நிண்டன். அதுதான் பிழை. அதுக்கு நான் கட்டுறன், இவரட்டக் கேக்காதீங்க."

"இறாலெண்டாத்தான் எண்டு ஏண்டி சபையில சொல்லுற?" என்றார் சீதேவி அக்கா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு. அப்போதுதான் அதிகாரியும் சிரித்தார்.

அந்தச் சந்தர்ப்பத்திலும் நீங்கள் இன்னொன்று கேட்டீர்கள். "வீடு வழிவழியாப் பெண்ணுக்கு வருற ஊர் இது சேர். படிவத்தில மட்டும் குடும்பத் தலைவர் எண்டு ஏன் எப்பவும் ஆம்பிளையப் போடுறம்? அந்தக் கொட்டிலில உலை வைக்கிறது சீதேவி. அவவத் தலைவியாப் பதியுங்க." சமத்துவம் என்று மாவட்டக் கூட்டங்களில் பதாகை கட்டிப் பேசுவார்கள், கட்டிய பதாகையை நாங்கள்தான் அவிழ்ப்போம். நீங்கள் பதாகை இல்லாமல் பேசினீர்கள்.

மூன்று மாதம் பதிலில்லை. நீங்கள் ஓய்வுபெறும் நாள் நெருங்க நெருங்க நாங்கள் விரலில் நாள் எண்ணினோம். உங்கள் இடத்துக்கு வருகிறவர் இந்தக் கோவையைத் திறப்பாரோ, அலுமாரியில் போடுவாரோ! சென்ற செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. ஆளனுப்பி அண்ணனைக் கூப்பிட்டீர்கள். மேசைக்கு முன்னால் இருத்தி, நிறுத்தி நிறுத்தி வாசித்தீர்கள்: முறையீடு ஏற்கப்பட்டது, சீதேவி தலைவியாக, தனிக் குடும்பமாக உதவி மீண்டும் வழங்கப்படும், குறித்த தொகை அறவிடப்படாது, அது பதிவழிக்கப்படுகிறது.

அவர் காசைப் பற்றிக் கேட்கவில்லை.

"மிஸ், அதில வதனியப் பத்தி என்ன எழுதிக் கிடக்கு?"

"ஒண்டும் எழுதல்ல அண்ணன்."

"ஒண்டுமேயா? இன்னொருக்காப் பாருங்க."

நீங்கள் இன்னொரு தரம், முதல் எழுத்திலிருந்து முத்திரை வரை விரல் வைத்துப் பார்த்தீர்கள். "ஒண்டுமே இல்ல" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் அவர் கடிதத்தை வாங்கி மடித்தார்.

மிஸ், நாளையிலிருந்து உங்களுக்கும் ஓய்வூதியம். அது மாதாமாதம் குறித்த நாளில் குறைவில்லாமல் வந்து சேரட்டும். வருடத்துக்கு ஒரு தரம், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று அரசாங்கம் ஒரு படிவத்தில் கேட்கும். மத்தேயு ஐயாவும் பக்கத்தில் இருக்க, சுகத்தோடும் சிரிப்போடும், கேட்டுக் கேட்டு அரசாங்கம் களைக்கும்வரை, ஓம் என்று நீங்கள் ஒப்பமிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்!

உங்கள் கோவைகளைச் சுமந்து, உங்கள் பாணில் பாதியைத் தின்ற
பிரதேச செயலகச் சிற்றூழியரும் நாளாந்தத் தொழிலாளரும்