கதவுத் துளையில் தெரிந்தது

காலையில் எழுந்ததும் கோழிகளைத் திறந்துவிடுவேன். கிணற்றடியில் முகம் கழுவுவேன். பக்கத்து வீட்டு நிக்காசியா அரிசிக் கஞ்சியும் கருவாடும் கொண்டுவந்து வைப்பாள். அதனால் நான் அடுப்பு மூட்டுவதில்லை. கொஞ்ச நேரத்தில் என் மாமனார் பல்தசார் தென்னையிலிருந்து இறக்கிய கள்ளோடு வருவார். என் கோப்பையில் ஊற்றிவிட்டுத்தான் தன்னுடையதில் ஊற்றுவார். இருவரும் கடலைப் பார்க்காமல் உட்கார்ந்து குடிப்போம்.

அவர் எனக்கு முதலில் ஊற்றுவதைத்தான் தாங்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன்.

பிலிப்பைன்ஸின் விசயாஸ் தீவுகளில் எங்களுடையது ஒரு சின்னக் கடற்கரை ஊர். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இலானூன் கடற்கொள்ளையர்கள் வருவார்கள். நெல்லும் பொன்னும் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். ஆள் வேண்டும். பிடித்தவர்களைத் துடுப்புப் போட வைப்பார்கள், தெற்கே ஹோலோ தீவின் அடிமைச் சந்தையில் விற்பார்கள். எங்களை ஆளும் ஸ்பானியர்களின் பீரங்கிப் படகு, கொள்ளையர்கள் போன பிறகு வந்து எங்களை நலம் விசாரிக்கும். ஆகவே மாதா கோயில்தான் எங்கள் கோட்டை. சங்கு ஊதினால் ஊரே உள்ளே ஓடும். கதவின் குறுக்கே உத்தரம் போல ஒரு மரம் விழும்.

மரம் விழுந்த பிறகு வந்து தட்டுகிறவர்களுக்காக ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஒருமுறை, பிடிபட்ட ஒருவனின் முதுகில் கத்தியை வைத்துக் கதவைத் தட்டச் செய்தார்கள். அண்ணன் குரல் என்று தம்பி திறந்தான். பாதி ஊர் போயிற்று. அதிலிருந்து, வெளியே நிற்பவரின் நெருங்கிய உறவு கதவுத் துளையில் கண் வைத்துப் பார்க்க வேண்டும். பின்னால் ஆள் இல்லை என்றால் மரத்தைத் தூக்குவார்கள். இருக்கிறார்கள் என்றால் தூக்க மாட்டார்கள். பெற்றவரே பக்கத்தில் நின்றாலும் கட்டியவன் சொல்தான் முடிவு. நல்ல வழக்கம். உறவுக்காரன் பொய் சொல்வதானால் திறப்பதற்காகத்தான் சொல்வான் என்று எல்லோரும் பயந்தார்கள். மறுபக்கத்தை யாரும் நினைத்ததில்லை.

அன்று சங்கு ஊதியபோது, பாடம் முடிந்தும் வீடு திரும்பாமல், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அங்கிருந்து நேரே கோயிலுக்கு ஓடினேன். கடற்கரையில் சிப்பி பொறுக்கப் போன பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு போன என் மனைவி தெக்லா வரவில்லை. மரம் விழுந்தது.

நிக்காசியா ஒரு பன்றிக்குட்டியை இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“இதுக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சாடி?” என்றான் கதவுக் காவலன் மாக்சிமோ.

“உனக்கு ஆனதே சந்தேகம். உன்னயே உள்ள விட்டிருக்காங்க.”

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்போது கதவு தட்டப்பட்டது.

“அப்பா, நான்தான். தெக்லா. திறங்க.”

மாமனார் மரத்தில் கை வைத்துவிட்டார்.

“பெரியவரே, கைய எடுங்க” என்றான் மாக்சிமோ. “புருஷன் பாக்கட்டும்.”

பார்த்தேன். தெக்லா நின்றாள். பாவாடை முழங்கால்வரை ஈரம். அவளுக்குப் பின்னால் வெறும் மைதானம், அதற்கப்பால் தென்னந்தோப்பு. தோப்புக்கும் அந்தப் பக்கம் கொள்ளையர்கள் படகுகளிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் செபு நகரில் குருமடக் கல்லூரியில் தர்க்கம் படித்தவன். கணக்குப் போட்டேன். மரத்தைத் தூக்கி, அவளை உள்ளே இழுத்து, திரும்பவும் போட நேரம் இருந்தது. கணக்கில் பிழை இல்லை.

ஆனால் மரம் மழையில் ஊறியிருந்தது. தூக்கும்போது சிக்கிக்கொண்டால் கதவுக்கு மிக அருகில் நிற்பவன் நான்.

“பின்னால யாராச்சும் நிக்கிறாங்களா?” என்றார் மாமனார்.

“நிக்கிறாங்க” என்றேன்.

எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. நானாகவே, “ரெண்டு பேர்” என்றேன்.

மாமனார் மரத்திலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். உள்ளே எல்லோரும் உரக்க ஜெபிக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு அவள் பேசியது துளையருகே இருந்த எனக்கு மட்டுமே கேட்டது.

அவளிடம் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சண்டை இல்லை, சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் சொல்வதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றத்தான் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர்களில் ஒருவர் முகம்கூட என் நினைவில் இல்லை.

அடுத்த வருடம் கொள்ளையரிடமிருந்து தப்பி வந்த ஒருவன், அன்று அவர்கள் பிடித்துப்போன அவள் ஹோலோ போய்ச் சேருமுன்பே படகில் காய்ச்சல் கண்டு இறந்ததாகச் சொன்னான். சாமியார் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னார். ஊருக்காக மனைவியைக் கொடுத்தவன் என்றார். நான் தலை குனிந்திருந்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கத்தி முதுகில் இருந்தபோதும் “திறக்காதீங்க” என்று அவள் கத்தியதாக ஊர் சொல்கிறது. அதையும் நான்தான் சொன்னேன். மாமனார் அழுதுகொண்டேயிருந்தார், அவர் அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்னேன். அவர் நிறுத்தினார். மகளை நினைத்துப் பெருமைப்படத் தொடங்கினார். மறுநாள் காலையில் கள்ளோடு வந்தார்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. உள்ளிருந்து வந்த என் குரல் கேட்டதும் துளைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்குப் புரிந்திருக்காது. மூச்சு வாங்கியது. முகத்தில் பயம் குறைந்திருந்தது.

“சிரிலோ, நீ உள்ளதான் இருக்கியா? அப்பாடா. உனக்குச் சங்கு கேட்டிருக்காதுன்னு வீட்டுக்குப் போய்த் தேடிட்டு ஓடியாறேன்.”