வெள்ளிக்கிழமை காதுகுத்து

என் மகளின் விவாகரத்து வழக்குக்குச் சேலம் கோர்ட்டில் இன்னொரு வாய்தா. கலங்கிப்போய்த் திருச்செங்கோட்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பின் சீட்டில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்:

"தீர்ப்பு வந்துருச்சு. இனியும் உங்கள மச்சான்னு கூப்பிடலாமுங்களா?"

"எந்தங்கச்சியத்தான் பிரிச்சாங்க, மாப்ள. பையனுக்குத் தாய்மாமன் நாந்தானே? வெள்ளிக்கெழம மலையில காதுகுத்து எம்மடியிலதான்."

"ஞாயித்துக்கெழம மட்டுந்தான் நான் பையனப் பாக்கலாம்னு ஜட்ஜ் சொல்லிப்போட்டாருங்களே."

மச்சான் முன்பக்கம் பெண்கள் சீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மிணி, காதுகுத்த ஞாயித்துக்கெழமைக்கு மாத்திப்போடலாமா?"

தூங்கும் பையனை மடியில் வைத்திருந்த பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேண்டாங்கண்ணா. வெள்ளிக்கெழமையே வரச் சொல்லுங்க. அழுதா அவருகிட்டத்தான் பையன் அடங்குவான். ஆனா நேரத்துக்கு வரோணும். கல்யாணத்தன்னிக்கு மாதிரி முகூர்த்தம் தப்பி வந்தா, குத்துன காது ஆறிப்போயிருக்கும்!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டுச் சிரித்தார். அந்த மனிதரும் சிரித்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வியாழக்கெழமையே வந்து மலையடிவாரத்துல படுத்துக்கறேன்னு சொல்லுங்க, மச்சான்."