குகைக்குள் எடுத்த படம்

— அழிச்சிட்டேன் ராத்தா! அந்தப் படத்த ஸ்டேட்டஸ்ல இருந்து அப்பவே அழிச்சிட்டேன். ஆனா அதுக்குள்ள ஆரோ எடுத்து வெச்சீக்கி. பஸ்லினாட மொகத்தச் சுத்தி செவப்பு வட்டம் போட்டு பேஸ்புக்ல விட்டீக்கி. பதினெட்டாயிரம் பேர் பார்த்திட்டாங்க.

— சத்தம் போடாத ஆஸிகா. உம்மா இப்பத்தான் நித்திரையான. கதவச் சாத்து.

— கீழ எழுதுறதெல்லாம் வாசிக்க ஏலாது ராத்தா. இங்க பாருங்க.

— படம் எடுக்கக்குள்ள யோசிக்கல்லதானே.

— கூடப் பொறந்த தங்கச்சிட்ட ஏன் ராத்தா இப்பிடிக் கதைக்கிறீங்க?

— வேற எப்பிடிக் கதைக்க? இஷாத் தொழுகைக்குப் போன வாப்பா இன்னும் வரல்ல. பள்ளிவாசல்ல கூட்டம். எதுக்குக் கூட்டம்? ஸ்கூல் ட்ரிப் போன ரெண்டு குட்டிகள் செஞ்ச வேலைக்கி. இந்தா, தண்ணியக் குடி. குடிச்சிட்டு மொதல்ல இருந்து செல்லு. ஒண்டையும் விடாத.

— காலையில போய் எறங்கினோம். அது முழுக்க அந்தக் காலத்து ஊர் மாதிரிக் கட்டி வெச்சீக்கிற எடம். ராசா, மந்திரி, சட்டி வனையிற ஆள், எல்லாம் சிமெந்துப் பொம்மை. யானைக்கு உள்ளுக்கு மோட்டர், காது ஆடும். ஒரு காது பழுதாம், மத்தக் காதுதான் ஆடிச்சு. எங்கட டீச்சரே தும்பிக்கையில கையப் போட்டு படம் எடுத்த.

— டீச்சர் யானையோட எடுத்த. நீ?

— கடைசியாத்தான் குகை. அது மட்டும் கட்டினதில்ல, மலையில தானா உண்டானது. மேல இருந்து தண்ணி சொட்டும், ஒரே வௌவால் நாத்தம். உள்ளுக்கு மூலையில ஒரு புத்தர் சிலை. காலையில இருந்து பொம்மையாப் பார்த்துப் பார்த்து, அதுவும் பொம்மையெண்டுதான் ராத்தா...

— நெனச்சாய்.

— சத்தியமா!

— சத்தியத்த வெச்சுக்கோ. கண்டியில பொறந்து வளந்தவ நீ, பதினாறு வயசு. சிலைக்கு முதுகக் காட்டிப் படம் எடுக்கக் கூடாதெண்டு எங்கட ஊர் அக்குறணையில கைப்புள்ளைக்கும் தெரியும். நடக்கப் பழகக்குள்ளயே அதையும் சேத்துப் பழகினவங்க நாங்க.

— பொம்மைதானே எண்டு...

— முன்னுக்குப் பூ இருந்திச்சா?

— இன்னும் கொஞ்சம் தண்ணி தாங்க ராத்தா.

— ஆஸிகா, கேக்கிறேன். பூ இருந்திச்சா?

— இருந்திச்சு. ஒரு தட்டுல, விகாரைகள்ல வெக்கிற அரலியப் பூ.

— பிளாஸ்டிக் பூவா?

— அப்பிடித்தான் நெனச்சேன். கிட்டப் போய்ப் பார்த்தேன்... மணத்திச்சு ராத்தா.

— அப்ப கும்புடுற சிலையெண்டு தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சுட்டுத்தான் எடுத்த.

— ஒரு நிமிசந்தானே எண்டு நெனச்சேன். குகைக்கு முந்தி நடனம் காட்டினாங்க, மேளம் அடிச்சு, வெள்ளி நகையெல்லாம் போட்டு. பஸ்லினாவத் தெரியுந்தானே, ஒருக்காப் பார்த்தாப் போதும், அப்பிடியே ஆடிக் காட்டுவா. குகைட ஓட்டையால வெயில் நேரா அந்த மூலையில விழுந்திச்சு. அவ்வளவு வடிவு. நான்தான் செல்லினேன், அங்க போய் நில்லு, ஆடுற மாதிரி நில்லு எண்டு.

— அவ என்ன செல்லின?

— ஏலாது எண்டா. 'முதுகு காட்டக் கூடாதுடி, வா போவோம்' எண்டு என்ட கையப் புடிச்சு இழுத்த.

— நீ?

— பயந்தாங்கொள்ளி எண்டேன். எல்லாப் புள்ளைகளுக்கும் முன்னால. புள்ளைகள் சிரிச்ச. பொறகுதான் போய் நிண்டா.

— படத்துல சிரிச்சிட்டு நிக்கிறா.

— அது என்னப் பார்த்துச் சிரிச்ச சிரிப்பு ராத்தா! பாரு, பயமில்லடி எண்டு செல்ற சிரிப்பு. இப்ப அதுக்குக் கீழ எழுதுறாங்க, சிலையக் கேலி பண்ணிச் சிரிக்கிறாளாம். ஒரு சிங்கள அக்கா மட்டும் 'சின்னப் புள்ளைதானே, விடுங்க' எண்டு எழுதியீக்கிறா. அவவுக்கும் ஏச்சு.

— நல்லவங்களுக்கு எப்பவும் ஒரு வரிதான் ஆஸிகா. மத்த வரியெல்லாம் மத்தவங்களுக்கு.

— எங்களுக்கு என்ன நடக்கும் ராத்தா?

— கலவரத்துல எங்கட கடைய எரிக்கக்குள்ள ஒனக்கு எட்டு வயசு. உம்மாட மடியில நித்திரை நீ. நான் ஜன்னலால பார்த்துட்டு நிண்டேன். அண்டைக்கி நாங்க ஒண்டும் செய்யல்ல. ஒண்டுமே செய்யாமலே எரிஞ்சிச்சு. இப்ப நீ செஞ்சிட்டு வந்து நிக்கிறாய்.

— நான் வாப்பாட்ட செல்லிடுறேன். நான்தான் எடுத்த, நான்தான் நிக்கச் செல்லின எண்டு.

— பொத்து வாய.

— பஸ்லினாட வீட்டுக்குப் பொலிஸ் வந்து போயீக்கி ராத்தா! நாளைக்குக் காலையில வரச் செல்லியீக்கி. அவட உம்மா தையல் மெசினுக்கு முன்னால இருந்து எழும்பவே இல்லையாம். வாப்பாவும் இல்ல அவளுக்கு, ஆரு கூடப் போவாங்க?

— அதுதான்.

— என்ன அதுதான்?

— அவளுக்கு வாப்பா இல்ல. எரிக்கிறதுக்குக் கடையும் இல்ல.

— ராத்தா!

— என்ன ராத்தா? கெட்டவ நான், சரியா? இந்த வீட்டுல ஒருத்தி கெட்டவளா இருக்கத்தான் வேணும். செல்லு, பஸ்லினா ஒன்ட பேர ஆருட்டயும் செல்லியீக்கிறாளா?

— இல்ல. மஃரிப் தொழுகைக்குப் பொறகு வொய்ஸ் ஒண்டு அனுப்பியிருந்தா. 'ஆஸி, நான் ஒன்ட பேரச் செல்லல்ல, நீ பயப்படாத' எண்டு. அழுதழுது செல்றா ராத்தா, நான் பயப்படக் கூடாதாம்.

— நல்ல புள்ள.

— அதோட போன் ஓஃப்.

— இன்னும் நல்லம்.

— ராத்தா... ஏன் என்ட மொகத்தப் பார்க்கிறீங்க இல்ல? என்ன செஞ்சீங்க நீங்க?

— வாப்பா பள்ளிக்குப் போகக்குள்ள, செருப்பப் போட்டுட்டே கேட்டார். 'சப்னா, இந்தப் படத்த ஆரு எடுத்த? எங்கட புள்ளைக்கு இதுல சம்பந்தம் ஈக்கா?' எண்டு. ஒனக்குத் தெரியுமா, அண்டைக்கிக் கடை எரிஞ்சப்பவும் அவர் அப்பிடித்தான் ஒத்தச் செருப்போட நிண்டார்.

— நீங்க என்ன செல்லின?

— செல்ஃபி எண்டேன்.

— என்ன?

— பஸ்லினா தனியா எடுத்த செல்ஃபி. ஆஸிகா அந்த நேரம் குகைக்கு வெளியில டீச்சரோட நிண்டா எண்டேன்.

— அல்லாஹ்வே!

— மெதுவா! வாப்பா அதத்தான் கூட்டத்துல செல்லியீக்கிறார். நீ இந்த ரூமுக்கு வர முந்திப் போன் எடுத்துச் செல்லினார். பள்ளித் தலைவர் ஹபீல் ஹாஜியார் பொலிஸுக்குக் கடிதம் எழுதி முடிச்சிட்டாராம். நாளைக்கு நாலு பேர் பஸ்லினாவக் கூட்டிட்டுப் போய் அதக் குடுப்பாங்க. 'தெரியாத்தனமா தானே தன்னப் படம் எடுத்துட்டா, மன்னிச்சுக்கொள்ளுங்க' எண்டு. வாப்பாவும் கையெழுத்துப் போட்டுட்டார். சின்னப் புள்ளையெண்டு விட்டுடுவாங்க. பார்த்த புள்ளைகளும் பயத்துல வாயத் தொறக்காதுகள். முடிஞ்சிச்சு. போய்ப் படு.

— வாப்பா படத்த வடிவா உத்துப் பார்த்தாரா?

— கண்ணாடி இல்லாம அவருக்கு என்ன தெரியும்? கூட்டத்துல முழு நேரமும் தலையக் குனிஞ்சிட்டே இருந்தாராம். ஏன்?

— நீங்க பார்த்தீங்களா?

— பார்த்தேன் எண்டேனே, சிரிச்சிட்டு நிக்கிறா. மொகத்தத் தவிர வேற ஒண்டையும் பார்க்க மனசு வரல்ல. என்னடி?

— பொலிஸ்ல பெருசாக்கிப் பார்ப்பாங்கதானே?

— பார்க்கட்டுமே. என்னத்தப் பார்க்கிற?

— அவ ஆடுற மாதிரி நிண்டா ராத்தா. ரெண்டு கையையும் அகல விரிச்சுட்டு. ரெண்டு கையும் படத்துல ஈக்கி. வாப்பா கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்த மேசையில வெச்சு, 'அப்ப போன் ஆருட கையில இருந்திச்சு?' எண்டு அவளக் கேட்டா, பஸ்லினா என்ன செல்லுவா?