பருவுக்கு எட்டு வாரம்

முகப்பருவைப் பற்றி ஊரார் சொல்வதில் பாதி தவறு, மேடம். அது அழுக்கினால் வருவதில்லை. எண்ணெய்ப் பலகாரம் தின்றதால் வருவதில்லை. பத்துத் தடவை சோப்புப் போட்டுக் கழுவினால் போகாது, எரிச்சல்தான் கூடும். பருவ வயதில் தோலுக்கு அடியில் எண்ணெய் அதிகமாகச் சுரக்கும். அது வெளியே வருகிற துளையைச் செத்த தோல் அடைத்துக்கொள்ளும். உள்ளே கிருமி பெருகும். சிவக்கும், வீங்கும், சீழ் கட்டும். இதில் யார் மேலும் குற்றமில்லை.

நடந்ததை மட்டும் எழுதச் சொன்னீர்கள். இதுவும் நடந்ததில் சேர்த்தி.

எனக்குப் பதினைந்து வயதில் வந்தது. நெற்றி, கன்னம், தாடை, ஓர் இடம் மிச்சமில்லை. வகுப்பில் எனக்கு ‘உப்புத்தாள்’ என்று பேர் வைத்தார்கள். ஒருநாள் பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி என் கன்னத்தில் பென்சிலைத் தேய்த்துக் கூர் தீட்டினாள். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பாவம், கையால் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு மறுநாளும். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதவில்லை. அப்பா எப்போதோ எங்களை விட்டுப் போய்விட்டார். அம்மா பிஸ்கட் ஆலையில் பொட்டலம் போடும் பிரிவில் இருக்கிறார். என்னை இழுத்துப் போய்ப் பள்ளியில் விட அவருக்கு நேரமில்லை. வீட்டோடு இருந்துவிட்டேன். தையல் கடையிலிருந்து வரும் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தேன். ஒன்பது வருடம். சட்டைகளைக் கொண்டுவந்து போட்டதும் திரும்பக் கொண்டுபோனதும் தங்கை.

அவளை வளர்த்தது நான்தான். எட்டு வயது இளையவள். தலை வாரிவிட்டது, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது, பேன் பார்த்தது எல்லாம் நான். பதினாறு தொடங்கியதும் அவளுக்கும் முகம் முழுக்க வந்தது. அச்சு அசல் என் முகம். நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி இவளும் வீட்டில் இருப்பாள், இரண்டு பேருமாகத் தைக்கலாம் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கத்து நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுக்கக்கூட முடிவு செய்திருந்தேன்.

அவள் வீட்டில் இருக்கவில்லை. ஒவ்வொரு பருவுக்கும் ஒரு வாத்தியார் பேர் வைத்தாள். “கணக்கு சார் இன்னைக்கு மூக்கு நுனியில வந்து உட்கார்ந்திருக்கார்க்கா. எந்திரிக்கவே மாட்டேங்கிறார்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பேச்சுப் போட்டியில் பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் முன்னால் மேடையேறிப் பரிசு வாங்கி வந்தாள். சுற்றிலும் தோழிகள் நிற்க, அவள் வாய்விட்டுச் சிரிக்கும் படத்தைப் போனில் காட்டினாள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பருக்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளாகவே ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் சீட்டு வாங்கினாள். துணைக்கு நானும் முகத்தை மூடிக்கொண்டு போனேன். டாக்டரம்மா நிதானமானவர். நான் மேலே எழுதியதெல்லாம் அவர் சொன்னதுதான். சாயங்காலம் பட்டாணி அளவு களிம்பு தடவ வேண்டும். முதல் சில வாரம் பரு கூடுவது போல் தெரியும், பயந்து நிறுத்தக் கூடாது. எட்டு வாரத்தில் அடங்கத் தொடங்கும். எதையும் கிள்ளவோ குத்தவோ கூடாது. முக்கியமாக மூக்குத்தண்டிலிருந்து வாயின் இரண்டு ஓரம் வரை, முக்கோணம் போல உள்ள இடத்தில் கையே வைக்கக் கூடாது. அங்கே ஓடும் ரத்தக் குழாய்கள் உள்ளே கண்ணுக்கும் மூளைக்கும் போகின்றன. அங்கே புண்ணானால் உதடு, கண், மூளை என்று வரிசையாகக் கிருமி ஏறும். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். “அப்பவே வந்திருக்கலாமேம்மா. எட்டு வாரம், மிஞ்சிப்போனா பன்னெண்டு வாரம். இவ்வளவு பள்ளம் விழுந்திருக்காது” என்றார். கரிசனமாகத்தான் சொன்னார்.

மூன்றாவது வாரம், சொன்னபடியே, தங்கைக்குப் பரு கூடியது. அது கூடும் என்று அம்மாவுக்குத் தெரியாது. களிம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சொன்னதும் அம்மா அதைத் தூக்கிக் குப்பையில் போட்டார். நானே வைத்தியம் செய்கிறேன் என்றேன். டாக்டரிடம் கூடப் போய்க் கேட்டு வந்தவள் நான்தானே, அம்மா நம்பினார். டாக்டரம்மா சொன்னதைத் தங்கை சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்தேன். பொத்தான் தைக்கும் ஊசியை வெந்நீரில் போட்டு எடுத்துக்கொள்வேன். முதல் வாரம் அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் பொறுத்துக்கோடி, அக்கா உன் நல்லதுக்குத்தான் செய்றா” என்றார். அடுத்த வாரத்திலிருந்து அம்மாவால் பார்க்க முடியவில்லை, அந்த நேரத்துக்குக் கடைக்குப் போய்விடுவார். தனியாகச் செய்வது சிரமம். அவள் நெஞ்சின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் என் முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்தி, வாயில் துண்டைத் திணிக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை என் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். அவள் தலையை இரண்டு தடவை தரையில் மோதினேன். மூன்றாவது தடவை மோதவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொன்னாள். வாசலில் நின்று தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை ஜன்னலில் இருந்து கேட்டேன். “விடுடி. அக்கா பாவம். அவளுக்கு வேற என்ன இருக்கு?” அந்த வார ஞாயிறு கொஞ்சம் அதிக நேரம் எடுத்தது.

எட்டாவது வாரம் முகம் தெளிந்தது. கன்னத்தில் ஊசி பட்ட வடுக்கள் இருந்தன, புதுப் பரு இல்லை. அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிறு அம்மா கடைக்குப் போனதும் தங்கை தன் பையிலிருந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்துக் காட்டினாள். பாதிக்கு மேல் காலி. டாக்டரிடம் மறுபடி போய் எழுதி வாங்கி, தோழி வீட்டில் வைத்துத் தினமும் சாயங்காலம் தடவியிருக்கிறாள்.

“உன் ஊசியால போகலக்கா, இதாலதான் போச்சு. உன்ன குத்தம் சொல்லல. நீயும் என்கூட வா. தழும்புக்கும் வைத்தியம் இருக்காம், டாக்டரம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பத்தாவது பரீட்சைய வீட்ல இருந்தே படிச்சு எழுதலாம், நான் சொல்லித் தரேன். இவ்வளவு நாள் நீ சும்மாவே உள்ள உட்கார்ந்துட்டக்கா.”

அன்பாகத்தான் சொன்னாள். என் முழங்காலில் கை வைத்திருந்தாள்.

அன்று அவள் முகத்தில் வைத்தியம் செய்ய ஒன்றுமில்லை. மேலுதட்டுக்கு மேலே, காய்ந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பரு மட்டும். அவள் தலைமுடியைப் பிடித்துத் தரையில் சாய்த்தேன். தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்த ஊசியை அப்படியே உருவினேன், அன்று வெந்நீர் வைக்கவில்லை. அந்த ஒரு பருவில் தொடங்கி மூக்கின் இரண்டு பக்கமும் குத்தினேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. அவள் கால்கள் உதைப்பதை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் குத்தினேன். அம்மா வருவதற்குள் தரையைத் துடைத்து, அவளை உள்ளறையில் படுக்கவைத்துப் பூட்டினேன்.

அம்மாவிடம் ஒட்டுவாரொட்டிக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் ஒட்டினால் ஆலையில் அம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அவர் கதவுக்கு வெளியே நின்று, “பால் குடிச்சியாடி?” என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார். உள்ளே கேட்ட முனகலைக் காய்ச்சல் வேகம் என்றேன். திங்கள் காலை உதடு வீங்கியது. செவ்வாய் ஒரு கண் மூடிக்கொண்டு பிதுங்கியது, உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டரம்மா சொன்ன வரிசைப்படியே நடந்தது. புதன் சாயங்காலம் வலிப்பு வந்த சத்தம் கேட்டு அம்மா கதவை உடைத்தார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள். திங்கட்கிழமையே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள்.

நேற்று விசாரணையில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் கதவைத் திறக்கவில்லையா என்று. நான் தலையாட்டினேன். அது சரியல்ல, திருத்திக்கொள்ளுங்கள்.

புதன் காலை அம்மா வேலைக்குப் போன பிறகு அவள் உள்ளேயிருந்து தட்டினாள். அடித்துத் தட்டக் கையில் பலமில்லை, நகத்தால் சுரண்டினாள்.

“அக்கா, கதவத் தொற. ஸ்கூலுக்கு நேரமாச்சு.”

காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். விடிகாலையில்தான் அவள் முகத்தைப் பார்த்திருந்தேன். அதைப் பார்த்தால் தெருவில் குழந்தைகள் அழும்.

“இந்த முகத்தோடயா?” என்று கேட்டேன்.

சுரண்டுவது நின்றது. பிறகு நிதானமாக, தெளிவாகச் சொன்னாள்.

“ஆமாக்கா. இந்த முகத்தோடதான்.”

அவள் போவாள் என்று எனக்குத் தெரியும், மேடம். அதனால்தான் திறக்கவில்லை.